பதினேழாம் பக்கம்

பரமேஸ்வராச் சந்திக்கு இந்தப் பக்கம்
என்ர போட்டோக்கொப்பிக் கடை.
பேர்ப்பலகை மழைக்கு அழிஞ்சு
"கொப்பி" மட்டும் மிச்சம்.
அது காணும் எண்டு விட்டிட்டன்.

சோதினை கிட்டினால்
கம்பஸ் பிள்ளையள் எல்லாம்
கேக்கிறது ஒரே நோட்ஸ்:
"புத்தாக்கச் சிந்தனை", நாப்பத்திரண்டு பக்கம்.
ஆர் எழுதினது எண்டு ஆருக்கும் தெரியாது.
'ழ'வின்ர கொக்கியை அடுத்த வரி வரைக்கும்
இழுத்து விடுகிற ஒருத்தன்.
எனக்குத் தெரிஞ்ச முகம் அவ்வளவுதான்.

கொப்பியின் கொப்பியின் கொப்பி.
கண்ணாடிக்குக் கீழ வெளிச்சம்
ஒருக்கால் நடந்து போக
எழுத்தில ஒரு மயிரிழை குறையும்.
முதல் புள்ளிகள் போச்சுது,
பேந்து கொம்புகள்.
"கேள்வி" ஒரு வருசம் "களவி" ஆனது.
அதையும் அப்பிடியே பாடமாக்கி
எழுதிப்போட்டு வந்தான் ஒருத்தன்.

பதினேழாம் பக்கம், மேலயிருந்து ஆறாம் வரி:
"சுயமாய்ச் சிந்தித்தல் என்பது"
பிறகு ஒரு வெள்ளை,
இரண்டு விரல் அகலம்,
பிறகு "இன்றி நிகழாது."

அதுக்குள்ள வருசா வருசம் ஆரோ
பேனையால நிரப்பித் திரும்பக் கொண்டுவருவினம்.
"முயற்சி" எண்டு ஒருத்தன், உருண்டைக் கையெழுத்தில.
"வழிகாட்டல்" எண்டு ஒரு பெட்டை,
அடிமட்டம் வைச்சுக் கோடும் போட்டு.
"கடன்" எண்டு ஒருத்தன்;
அவன் அப்ப எனக்கு
இருநூற்றுப் பத்து ரூபா தரவேணும்.
வட்டுக்கோட்டையிலயிருந்து பஸ்ஸில வாற மதுர்சிகா
"ஒரு சண்டை" எண்டு எழுதியிருந்தாள்.
ஆரோட எண்டு நான் கேக்கேல்ல.

நான் பத்தாம் வகுப்போட நிண்டவள்.
வெளிச்சம் ஓடி முடியிறதுக்குள்ள
ஒரு வரி வாசிக்கலாம்.
பதினொரு வருசமாய் ஒவ்வொரு வரி.
அந்த வெள்ளைக்கு நானும்
ஒரு சொல் யோசிச்சு வைச்சிருந்தன்.
சொல்லமாட்டன்.

போன மாசி, உச்சி வெய்யிலில
நோர்வேயிலயிருந்து வந்த ஒருத்தர்,
பாலகௌரிதாசன் எண்டு பேர்,
கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க வந்தார்.
மேசையில கிடந்த கட்டைக் கண்டு
மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினார்.
"உது என்ர கையெழுத்தெல்லோ!"

அவர் பாரத்தில நிரப்பியிருந்த
"யாழ்ப்பாணம்" எண்ட சொல்லைப் பாத்தன்.
அதே கொக்கி, கீழ்வரி வரைக்கும்.

நெஞ்சு பக்கெண்டது.
பதினேழாம் பக்கத்தை உருவி நீட்டினன்.
"இதில என்ன இருந்தது?"

கனநேரம் பாத்தார்.
பேந்து சிரிச்சார்.
"நான் அந்த வகுப்புக்கே போகேல்ல, தங்கச்சி.
அறையில இருந்தவன்ர கொப்பியைப் பாத்து
ஒரு இரவில எழுதினது.
அவன்ர கொப்பியில உந்த இடத்தில
தேத்தண்ணி ஊத்துப்பட்டிருந்தது.
பேந்து கேப்பம் எண்டு
இடம் விட்டனான்."

"கேட்டனீங்களோ?"

"எங்க..."
முப்பது ரூபாவை எண்ணி வைச்சிட்டு
வெய்யிலுக்குள்ள இறங்கிப் போனார்.

அப்ப அது தேயேல்ல.
என்ர மெசின் தின்னவும் இல்லை.
தொடக்கத்திலயே அது வெள்ளைதான்.

அண்டு பின்னேரம் கதவைப் பாதி சாத்திப்போட்டு
அலுமாரிக்குள்ள இருந்த கட்டை எடுத்தன்.
மூலம் எண்டு நான் சொல்லுறது அதைத்தான்.
ஆரோ எழுதின "முயற்சி"
அதில ஏறி உக்காந்திருந்தது.
மூண்டு வருசமாய் எல்லாக் கொப்பியிலும் விழுந்து
இப்ப அச்செழுத்து மாதிரி
ஒரு தோரணையும் வந்திட்டுது அதுக்கு.

வெள்ளை மைப் போத்தலை ஆட்டினன்.
அழிச்சன்.
ஊதி ஊதிக் காயவைச்சன்.
இரண்டு விரல் அகலத்தை
மூண்டாக்கினன்.

அடுத்த நாள் காலமை, முதல் ஆளாய் ஒரு பெடியன்
கட்டை வாங்கி, நிண்ட நிலையில விரிச்சு,
"அக்கா, இதில ஒண்டும் விழேல்ல.
மெசினை ஒருக்காப் பாருங்கோ" எண்டான்.

மெசினில பிழையில்லை எண்டன்.
அவன் நம்பேல்ல.
அந்தத் தாளை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சபடி
றோட்டைக் கடந்து போனான்.